வீட்டுப் போட்டோக்களில் டாரட் சீட்டுக்கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தபந்தங்களின் போட்டோக்களை வைத்து, குறி பார்க்கப் பயன்படும் டாரட் கட்டு ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கான பதில்கள் இவை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கடைத்தெரு விவரம் தவிர மற்றது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

டாரட் கட்டில் மொத்தம் எத்தனை சீட்டு?

78. முதல் 22 சீட்டுகள் மேஜர் அர்கானா. 0 முதல் 21 வரை எண் போட்டவை. மீதி 56 மைனர் அர்கானா: வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு) என்று நான்கு இனம், இனத்துக்கு 14 சீட்டு. ஏஸ் முதல் பத்து வரை எண் சீட்டு, அதற்கு மேல் பேஜ், நைட், குயீன், கிங். ரம்மிக் கட்டோடு ஒப்பிட்டால் இனத்துக்கு ஒரு சீட்டு அதிகம்.

15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காகவே உண்டான கட்டு இது. குறி பார்க்க எடுத்தது 18-ஆம் நூற்றாண்டில், பிரான்சில். இன்று பரவலாகக் கண்ணில் படும் படங்கள் 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட் கட்டைச் சேர்ந்தவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். கீழே 'வழக்கமான படம்' என்று வரும் இடமெல்லாம் அவர் வரைந்ததைத்தான் சொல்கிறோம்.

78-க்கும் ஆள் படம் தேட வேண்டுமா?

வேண்டாம். மேஜர் 22, இனத்துக்கு நான்காக அரச சீட்டுகள் 16, ஆக 38 சீட்டுக்கு மேல் ஆள் தேவையில்லை. மீதி 40 எண் சீட்டுகளுக்குப் பொருள்களைப் படம் பிடியுங்கள். 78 சீட்டிலும் முகம் வந்தால் கட்டைப் பரப்பும்போது எது எந்த இனம் என்றே கண்ணுக்குப் பிடிபடாது, கல்யாண ஆல்பத்தைக் கலைத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

அதுவும் பெரிய வேலையாகத் தெரிந்தால் மேஜர் 22 மட்டும் செய்து நிறுத்திக்கொள்ளலாம். அந்த 22-ஐ மட்டும் வைத்துப் படிப்பவர்கள், அதாவது குறி பார்ப்பவர்கள், நிறையப் பேர் உண்டு.

யாருக்கு எந்தச் சீட்டு? எப்படி முடிவு செய்வது?

கட்டு நன்றாக வருவதும் சொதப்புவதும் இங்கேதான். முதலில் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவருக்குச் சீட்டு தேடினால், பிடித்தவர்களெல்லாம் ராணியாகவும் ராஜாவாகவும் ஆகிவிடுவார்கள், மற்ற சீட்டுகள் காலியாக நிற்கும். அதனால் சீட்டிலிருந்து தொடங்குங்கள். வழக்கமான படத்தில் ஆள் என்ன செய்கிறார், கை எங்கே இருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறார் என்று பார்த்து, அதே செய்கை உள்ள போட்டோவை வீட்டில் தேட வேண்டும். முகம் அழகாக விழுந்த படத்தைவிடக் கை தெளிவாகத் தெரிகிற படம் சீட்டுக்கு உதவும்.

டெம்பரன்ஸ் என்ற 14-ஆம் சீட்டில் ஒரு தேவதை இரண்டு கோப்பைக்கு இடையே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். டீ ஆற்றுகிற சித்தப்பா படம் ஒன்று இருந்தால் வேறெதுவும் தேட வேண்டாம். 17-ஆம் சீட்டான ஸ்டாரில் ஒரு பெண் மண்டியிட்டு இரண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். குழாயடியில் குடத்தோடு இருக்கும் அத்தை அங்கே போகலாம். 11-ஆம் சீட்டு ஜஸ்டிஸ் தராசு பிடித்திருக்கும். காசிமேட்டில் மீன் நிறுத்துக் கொடுக்கிற சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். 7-ஆம் சீட்டு தேர். அதற்கு மீன்பாடி வண்டியை விடப் பொருத்தமான வாகனம் வடசென்னையில் கிடைக்காது.

பழைய ஸ்டுடியோவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, கேமராவை முறைக்கிற தாத்தா படம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அது 4-ஆம் சீட்டு, எம்பரர். திண்ணையில் இரண்டு தூணுக்கு நடுவே ஆயா இருந்தால் 2-ஆம் சீட்டு, ஹை ப்ரீஸ்டஸ். வளைகாப்புப் படம் 3-ஆம் சீட்டு எம்பரஸுக்கு. கரண்ட் போன இரவில் டார்ச்சோ அரிக்கேனோ பிடித்த பெரியவர் 9-ஆம் சீட்டு ஹெர்மிட். தொங்குகிற மனிதன் என்ற 12-ஆம் சீட்டில் ஆள் வலியில் இல்லை, நிம்மதியாகத்தான் தலைகீழாகத் தொங்குகிறான். ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கிச் சிரிக்கும் பையன் படம் அதற்கு அப்படியே பொருந்தும்.

அரச சீட்டுகள் 16-ஐ மட்டும் குணம் பார்த்துக் கொடுங்கள். வாண்ட்ஸ் துடிப்பு, கப்ஸ் பாசம், ஸ்வார்ட்ஸ் பேச்சும் புத்தியும், பென்டகிள்ஸ் காசும் வீடும் உடம்பும். முகத்துக்கு நேராகப் பட்டென்று பேசிவிடுகிற பெரியம்மா ஸ்வார்ட்ஸ் குயீன். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. பேஜ் சீட்டுகளுக்குப் பிள்ளைகள், நைட் சீட்டுகளுக்கு வயசுப் பசங்களும் பெண்களும். ஒரே ஆள் இரண்டு சீட்டில் வரலாம். சிறு வயதுப் படம் பேஜாகவும் இப்போதைய படம் கிங்காகவும் வந்தால் நல்லதுதான், இரண்டும் ஒரே பரப்பில் விழும்போது படிக்க நிறைய இருக்கும்.

மரணம், டெவில், டவர் சீட்டுகளுக்கு யாரைப் போடுவது?

உயிரோடு இருப்பவர் யாரையும் போடாதீர்கள். மரணச் சீட்டுக்கு ஒரு காலகட்டம் முடிந்தது என்றுதான் பொருள் சொல்வார்கள். ஆனால் தன் படம் அதில் இருப்பதைப் பார்க்கிற மாமாவுக்கு அந்த விளக்கமெல்லாம் ஏறாது. அதற்காகக் கட்டிலிருந்து அந்தச் சீட்டுகளை எடுத்துவிடுவதும் சரியில்லை. பொருளையோ இடத்தையோ போடுங்கள். மரணத்துக்குக் காலி செய்து பூட்டிய பழைய வீட்டின் கதவு, டெவிலுக்குக் கந்து வட்டி நோட்டோ சிகரெட் பாக்கெட்டோ, டவருக்கு டிசம்பர் 2016-இல் வர்தா புயல் சாய்த்த மரம். அந்த மரங்களின் படம் இன்னும் பலர் போனில் கிடக்கிறது.

இறந்துபோனவர்களின் படத்தைப் பயன்படுத்தலாமா? வீட்டில் தப்பாக நினைப்பார்களே?

பயன்படுத்தலாம், ஆனால் கேட்டுவிட்டு. பொட்டு வைத்து மாலை போட்ட பூஜையறைப் படத்தை எடுக்காமல், அவர் உயிரோடு ஏதோ வேலையில் இருந்தபோது எடுத்த சாதாரணப் படத்தைப் போட்டால் பெரும்பாலான வீட்டில் ஆட்சேபணை எழாது. சீட்டு கலைக்கப்படும், தரையில் பரப்பப்படும், சமயத்தில் கீழே விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குச் சங்கடம் குறி பார்ப்பதில் இருக்காது, படம் காலில் பட்டுவிடுமோ என்பதில்தான் இருக்கும். துணி விரித்து மேசை மேல் படித்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நான்கு இனத்துக்கும் என்ன பொருள் வைப்பது?

கோல், கோப்பை, வாள், காசு ஆகிய நான்குக்கும் வீட்டில் இருப்பதே போதும். வாண்ட்ஸுக்குத் துடுப்பு, கரும்பு, சிலம்பக் கம்பு. கப்ஸுக்கு எவர்சில்வர் டம்ளர். ஸ்வார்ட்ஸுக்கு மீன் வெட்டும் கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல். பென்டகிள்ஸுக்குக் காசு போடலாம்; கேரம் காய்கள் இன்னும் நன்றாக விழும். வட்டம், இரண்டு நிறம், நடுவில் ஒரு சிவப்பு என்று எண்ணவும் சுலபம்.

எண் சீட்டில் பொருளின் எண்ணிக்கை ஒரே பார்வையில் தெரிய வேண்டும். ஏழு டம்ளரை ஒன்றன் பின் ஒன்றாக மறைத்து வைத்தால் ஆறா ஏழா என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நேர் மேலிருந்து, ஒரே தரையில், ஒரே நேர வெளிச்சத்தில் ஓர் இனத்தின் பத்துப் படத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எடுத்தால் எவர்சில்வரில் பளீரென்ற வெள்ளைத் திட்டு விழாது.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட, பூஞ்சை பிடித்த பழைய படங்களை எப்படி எடுப்பது?

மூலப்படத்தை வெட்டவோ ஒட்டவோ கூடாது, நகல்தான் கட்டுக்குப் போக வேண்டும்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் ஆல்பங்களில் பசை கெட்டியாகிப் போயிருக்கும். பல் இடுக்குக்குப் போடும் நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். இழுபடாமல் நின்றால் விட்டுவிட்டு, ஆல்பத்தில் இருக்கும்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதேதான். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி சட்டத்தை நிறுத்தி, போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது. கிட்டே போகாமல் ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள், ஓரங்கள் வளையாது.

கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. படம் நிற்பது ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் அது ஊறும், தேய்த்தால் உருவம் துணியோடு வந்துவிடும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டான இடங்கள் நீலமாக மினுங்கினால் அது வெள்ளி மேலே ஏறி நிற்பது. துடைத்துப் போகாது, ஸ்கேன் செய்த பிறகு கணினியில் சரி செய்யலாம்.

ஸ்கேன் அளவுக்கு ஒரு கணக்கு: 45 மி.மீ. உயர பாஸ்போர்ட் படம், வெட்டும் ஓரத்தோடு சேர்த்துச் சீட்டின் உயரமான 126 மி.மீ. ஆக வேண்டும், அதாவது 2.8 மடங்கு. அச்சுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் ஸ்கேன் 840-க்கு மேல். ஸ்கேனரில் 1200 வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 400 போதும். தேன்கூடு மாதிரிச் சொரசொரப்பான தாளில் போட்ட ஸ்டுடியோ படங்கள் ஸ்கேனரில் புள்ளி புள்ளியாக வரும். அவற்றை ஸ்கேன் செய்யாமல் நிழலில் வைத்துப் போனில் எடுங்கள்.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதுமா?

முழுப் படத்தையும் சீட்டாக்கினால் போதும். சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்குகிறது, சீட்டுக்கு ஓரத்தோடு வேண்டியதோ 898 × 1488. சிக்கல் வருவது குரூப் போட்டோவில் ஒருவரை மட்டும் வெட்டி எடுக்கும்போது. எட்டுப் பேர் நிற்கும் படத்தில் ஒரு ஆளுக்கு 200 பிக்சல் அகலம்தான் கிடைக்கும், 300 டி.பி.ஐ.யில் அது 17 மி.மீ.; பெரிதாக்கினால் முகம் கூழாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சீட்டு என்ன அளவு? தாளில் எத்தனை விழும்?

டாரட்டின் வழக்கமான அளவு 70 × 120 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும்போது கழிந்துபோகும் ஓரம், சேர்த்தால் 76 × 126. டிஜிட்டல் பிரஸ்ஸில் ஓடும் 13 × 19 அங்குலத் தாளில் அகலத்துக்கு நான்கு, உயரத்துக்கு மூன்று, மொத்தம் 12 விழும். 78 சீட்டுக்கு ஏழு தாள், ஆறு இடம் மிச்சம். அந்த ஆறை வீணாக்காதீர்கள், கடைசிக் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

எழுத்தும் முகமும் வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். கத்தி அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். பார்டர் போட்டால் 5 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள், இல்லையென்றால் படம் ஓரம் வரை ஓடட்டும்.

கறுப்பு வெள்ளை, சிவந்துபோன கலர் படம், போன் படம் எல்லாம் கலந்து கிடக்கிறதே?

எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, இனத்துக்கு ஒரு நிறச் சாயம் ஏற்றுவது சுலபமான வழி: வாண்ட்ஸுக்குச் செங்கல், கப்ஸுக்கு நீலம், ஸ்வார்ட்ஸுக்குச் சாம்பல், பென்டகிள்ஸுக்கு மஞ்சள். மேஜர் 22 சாயமில்லாமல் நிற்கட்டும்.

அச்சில் படம் போன் திரையை விட இருட்டாகத்தான் வரும். கறுத்த, மாநிறமான முகங்கள்தான் முதலில் அடைபடும்; கண்ணும் மூக்கும் ஒரே கரும்பழுப்பாகிவிடும். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, ஒரு தாள் மட்டும் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். ப்ரூஃப் தாளில் இருக்கிற முகங்களிலேயே கறுத்த முகம் கட்டாயம் ஒன்று இருக்கட்டும். கடையில் 'ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம், வெளுப்பாக்க வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் ஆயாவை யாரென்றே தெரியாத நிறத்தில் கொடுத்துவிடுவார்கள்.

பின்பக்கத்துக்கு என்ன போடுவது?

தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிகிற டிசைன். இல்லையென்றால் சீட்டு நேரா தலைகீழா என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆயாவின் புடவையிலிருந்து ஒரு துண்டு ஸ்கேன் செய்து போடுவது அழகாக இருக்கும். பொடிப் பூ, புட்டா இருந்தால் நல்லது. பாதியை வெட்டி, திருப்பி, மறுபாதியாக ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். கட்டம் போட்ட லுங்கித் துணியும் ஆசையைக் கிளப்பும். ஆனால் இரு பக்க அச்சில் ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது சகஜம், நேர்க்கோடு அந்தக் கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சீட்டின் பெயரைத் தமிழில் போட்டால் கடையில் எழுத்து உடைந்து வருகிறதே?

யூனிகோடில் தட்டியதைப் பழைய டி.டி.பி. மென்பொருளில் திறந்தால் கட்டங்கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறும். சீட்டைப் படமாகவே, எழுத்தும் படத்தோடு சேர்ந்தபடி, பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். பேரோடு எண்ணையும் போடுங்கள். பிரான்சின் பழைய மார்செய் டாரட் கட்டில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. ரைடர்–வெயிட்டில் அது மாறி ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. எந்தப் புத்தகம் வைத்துப் படிக்கப்போகிறீர்களோ அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே அச்சடிப்பது? என்ன சொல்லிக் கேட்பது?

பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை, தாள், பிரிண்டிங் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மண்ணடி, உயர்நீதிமன்றம் இரண்டு மெட்ரோவிலிருந்தும் நடந்தே போகலாம். டாரட் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், இப்படிச் சொன்னால் போதும்: "பதிமூணு பத்தொன்பதுல ஏழு ஷீட், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, பேக் டு பேக், ரெண்டு பக்கமும் மேட் லேமினேஷன், அப்புறம் கட்டிங்." விலை தாளுக்கு ஒன்று, லேமினேஷனுக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுவார்கள், முதலிலேயே மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

ஆடியில் முகூர்த்தமில்லை, கடை காலியாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆவணிக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அப்போதுதான் அச்சாகும். டிசம்பரில் காலண்டர் வேலை. ஏழு தாள் வேலையை அந்த நெருக்கத்தில் கொடுத்தால் அது அடியில் போய்விடும்.

கம்ப்யூட்டர் இல்லை. சாதாரண போட்டோ ஸ்டுடியோவில் போட முடியுமா?

முடியும். போன் ஆப்பில் 1200 × 1800 பிக்சலில் வெள்ளைப் பின்னணி வைத்து, நடுவில் 827 × 1417 அளவில் சீட்டுப் படத்தைப் பொருத்தி, 4 × 6 பிரிண்ட் போடுங்கள். ஸ்டுடியோ மெஷின் ஓரத்தை ஒன்றிரண்டு மி.மீ. விழுங்கும், வெள்ளை ஓரம் இருப்பதால் படத்துக்குச் சேதமில்லை. பின்பக்கத்துக்கு ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து ஒட்டி, ஒட்டிய பிறகு வெட்டுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஆகாது. காயும்போது சீட்டை அப்பளம் போலச் சுருட்டிவிடும். கட்டு தடிமனாக இருக்கும், கையில் விசிறி போலப் பிரித்துக் கலைக்க வராது, மேசையில் பரப்பித்தான் கலைக்க வேண்டும்.

வெட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

லேமினேஷனுக்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். ஏழு தாளையும் ஒன்றாக வைத்து வெட்டச் சொல்லாமல் இரண்டு மூன்றாக வெட்டச் சொல்லுங்கள். அடுக்கு உயர்ந்தால் அழுத்தத்தில் தாள் நகர்ந்து அடிச்சீட்டு அளவு மாறும். அரை மி.மீ. பெரிய சீட்டைக் கண் பார்க்காவிட்டாலும் விரல் கண்டுபிடித்துவிடும், அப்புறம் கலைக்கும் ஒவ்வொரு தடவையும் அதுவே வெளியே வரும். மூலைகளை 5 மி.மீ. கார்னர் கட்டரில் வளையுங்கள். கையால் அழுத்தும் கட்டரில் ஒவ்வொரு சீட்டாக விடுங்கள். அடையாள அட்டை போடும் கடைகளில் பெரிய கட்டர் இருக்கும்.

சீட்டு வளைகிறது, லேமினேஷனில் குமிழ் வருகிறது. ஏன்?

ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் கட்டாயம் வளையும். மூடாத பக்கம் காற்றின் ஈரத்தை இழுத்து விரியும், மூடிய பக்கம் விரியாது. எண்ணூர், காசிமேடு மாதிரிக் கடலோரத்தில் இரண்டு நாளில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் போட்டும் சில சீட்டு மட்டும் வேறு பக்கம் வளைந்தால் தாளின் நாரோட்டம் மாறியிருக்கிறது. ஏழு தாளும் ஒரே ரீமிலிருந்து ஒரே திசையில் ஓட வேண்டும். குமிழ் வருவது முழுக் கறுப்பான இடத்தில். டோனர் (அச்சுப் பொடி) தடித்த இடத்தில் ஃபிலிம் சரியாகப் பிடிப்பதில்லை. பின்னணியைக் கெட்டிக் கறுப்பாக வைக்காமல் அடர்பழுப்போ கருநீலமோ வைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஸ்டுடியோக்காரர் எடுத்த படம், ரைடர்–வெயிட் படம், இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். பமீலா கோல்மன் ஸ்மித் இறந்தது 1951-இல். இந்தியாவில் ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்பதால் 1909 படங்களின் உரிமை 2011-உடன் முடிந்தது. படத்தில் இருப்பவரின் சம்மதம் இதில் சேராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். குழந்தைகள் படம் உள்ள கட்டை வெளியே விற்கவோ இணையத்தில் போடவோ வேண்டாம்.

ஒரு சீட்டு தொலைந்துவிட்டால்?

மிச்சமிருந்த ஆறு இடம் இதற்குத்தான். மூன்றில் பின்பக்க டிசைனோடு முன்பக்கத்தை வெள்ளையாக விட்டு அச்சடியுங்கள். லேமினேஷன் போட்ட பிறகும் அந்த வெள்ளைப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். மற்ற மூன்றில், படம் திருப்தியில்லாத சீட்டுக்கு மாற்றுப் படங்களைப் போட்டு வையுங்கள். பிறகு தனியாக ஒரே ஒரு சீட்டை அடித்தால் தாளும் நிறமும் வேறாகி, கட்டில் அது மட்டும் தனியாகத் தெரியும். 78 சீட்டும் சேர்ந்து சுமார் 27 மி.மீ. உயரம் வரும், பெட்டி உள்ளளவு 72 × 122 × 30 மி.மீ. இருக்கட்டும். ரப்பர் பேண்ட் போட்டால் நடுவில் பள்ளம் விழும்.